கென்ட்டுக்கு இன்னும் ஐந்நூற்றுத் தொண்ணூறு மீட்டர்

கென்ட்,
5 மார்ச் 1961

அன்புள்ள அண்ணா,

உன் இருமல் போய்விட்டதா? போகாவிட்டால் அடுத்த கடிதத்தில் அதையே முதல் வரியாக எழுது. இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி. புறா மாடத்து ஏணியில் ஏறும்போது வலிக்காதாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நடக்கும்போது மட்டும் வலிக்குமாம். நான் நலம். நலத்துக்கும் ஒரு படி மேலே.

என்னைப் புறாச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள்.

நேற்று மாலை மதுக்கடை மாடியில் ஓட்டெடுப்பு. இருபது ஆண்கள், இருபது சுருட்டு, நடுவே நான் ஒருத்தி. கசாப்புக் கடை வால்டர், "பொம்பளப் புள்ள பேர்ல புறாவா? புறா எறங்குறப்ப இவ கண்ணாடி முன்னாடி நின்னு தலை சீவிட்டிருப்பா" என்றார். செயலாளர் ஓடிலோன், "உன் தலையில சீவ ஒண்ணுமில்ல, அந்தப் பொறாமை ஒனக்கு" என்றார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பதினொன்றுக்கு எட்டு என்று ஜெயித்துவிட்டேன். அப்பா மட்டும் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டே, "வடக்கு மூலையில நாலு பொந்து ஒனக்கு. என் பொந்துல கை வச்சே, அப்புறம் இருக்கு" என்றார். அவரிடமிருந்து வந்ததால் அதை வாழ்த்து என்றே எடுத்துக்கொண்டேன்.

ஜூலையில் பெர்பின்யான் பந்தயத்துக்கு என் சாம்பல் பெட்டையை அனுப்பப் போகிறேன். உன் ஊரிலிருந்து நம் வீட்டுக்கு. நம் மாடத்துக்கான தூரம் சங்கத்து அட்டையில் எழுதியிருக்கிறது: 931 கிலோமீட்டர் 412 மீட்டர். காற்று பின்னாலிருந்து தள்ளினால் பதின்மூன்று மணி நேரம். எதிர்த்து நின்றால் பதினைந்து. நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை எழுதும்போதெல்லாம் இந்த எண்களை வகுத்துக்கொண்டே இருக்கிறேன். பக்கத்து மேசை பௌலா, "எந்தப் பையனோட சம்பளம்டி அது?" என்று கேட்கிறாள்.

அண்ணா, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். இதே தூரம் பறந்த ஒரு பந்தயத்துக்குப் பிறகுதான் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். ஒன்பது வருடமாக நீயும் அப்பாவும் ஒரு வரி எழுதிக்கொண்டதில்லை. இந்த ஜூலைத் திருவிழாவுக்கு நீ வீட்டுக்கு வர வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், முதல் பரிசுகூட வேண்டாம். பொய். அதுவும் வேண்டும்.

பதிலை எப்போதும்போல நூலக முகவரிக்கே அனுப்பு. கழுத்தில் துணி சுற்றாமல் வெளியே போகாதே.

உன் தங்கை,
கோடலீவ


பெர்பின்யான்,
21 மார்ச் 1961

அன்புத் தங்கச்சி,

இருமல் போய்விட்டது. இங்கே பீச் மரங்கள் பூத்து ஊரே இளஞ்சிவப்பாகிவிட்டதால் இருமுவதற்கு வெட்கமாக இருக்கிறது. அப்பாவின் முழங்காலுக்குச் சூடான தவிட்டு ஒத்தடம் கொடு. நான் சொன்னதாகச் சொல்லாதே.

உன் கடிதத்தைப் பழக்கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டே மூன்று முறை படித்தேன். சங்கத்தில் ஒரு பெண். அதுவும் நீ. பத்து வயதில் புறாக்களுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தவள்.

பெட்டையைப் பட்டினி போட்டு அனுப்பாதே. பசிக்காக வருகிற பறவையைவிடக் குஞ்சுக்காக வருகிற பறவை வேகம். அடியில் நாலைந்து நாள் குஞ்சு இருக்கும்படி ஜோடி சேர்க்கும் நாளைக் கணக்கிடு. சேர்த்ததிலிருந்து முட்டை பத்து நாள், அடைகாப்பது பதினேழு பதினெட்டு நாள்.

பழைய பந்தயத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். கேட்க ஒன்றுமில்லை. புறா வந்தது. மாடத்துக்குள் நுழையாமல் கூரையில் போய் உட்கார்ந்தது. அதை உள்ளே இறக்கி, காலிலிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி, வந்த நேரத்தைப் பதியும் பந்தயக் கடிகாரத்தில் போட்டு அடிக்க எனக்கு நாற்பது விநாடி கூடுதலாக ஆயிற்று. முதலிடம் ஓடிலோனுக்குப் போயிற்று. அப்பா, "நாப்பது விநாடி ஒழுங்கா நிக்கத் தெரியாதவன் நாப்பது வருஷம் என்னத்தக் கிழிக்கப் போற?" என்றார். நான் பதிலுக்கு ஒன்று சொன்னேன். அவ்வளவுதான், அதில் சேர்க்கவோ கழிக்கவோ எதுவும் இல்லை.

இந்தத் தடவை பாதாம் மிட்டாய் அனுப்புகிறேன். நூலகத்தில் ஒளித்து வைத்துச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஃபிர்மின்


கென்ட்,
9 ஏப்ரல் 1961

அன்புள்ள அண்ணா,

நலம், நலம், எல்லோரும் நலம். தவிட்டு ஒத்தடம் வேலை செய்கிறது. "இத எவன் சொன்னான்?" என்று அப்பா கேட்டார். ஒரு புத்தகத்தில் படித்தேன் என்றேன். "பரவால்ல, ஒரு புத்தகமாவது உருப்படியா எழுதியிருக்கான்" என்றார். மிட்டாய் தீர்ந்துவிட்டது. பாதியைப் பௌலா திருடினாள். திருவிழாவைப் பற்றி நீ ஒரு சொல்கூட எழுதவில்லை என்பதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

இப்போது உட்கார்ந்து படி.

எங்கள் நூலகத்து வரைபட அறையில் நகர அளவைப் படங்கள் இருக்கின்றன, ஒவ்வொரு வீட்டுச் சுவரும் தெரிகிற அளவுக்குப் பெரியவை. என் பெயர் போட்டு வந்த முதல் அட்டை ஆயிற்றே என்று, நம் மாடத்துக்கான தூரத்தை நானே கணக்கிட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரம் போயிற்று. 932 கிலோமீட்டர் 2 மீட்டர் என்று வந்தது. அட்டையில் இருப்பதைவிட 590 மீட்டர் அதிகம். தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நான்காம் நாளும் போட்டேன். அதே விடை.

பிறகு புரிந்தது. அம்மா போன அடுத்த வருடம், ஐம்பத்திரண்டு வசந்தத்தில், பழைய வீட்டை விட்டுக் கால்வாய்க்கு வடக்கே வந்தோம் இல்லையா? மாடமும் வந்தது. அட்டையில் இருக்கும் தூரம் மட்டும் வரவில்லை. அது பழைய வீட்டுக்கு அளந்த தூரம். யாரும் மறுபடி அளக்கவே இல்லை. நம் புறாக்கள் ஒன்பது வருடமாகப் பழைய வீட்டைத் தாண்டி இன்னும் ஐந்நூற்றுத் தொண்ணூறு மீட்டர் பறந்து வருகின்றன, கணக்கில் சேராமல்.

ஒவ்வொரு மாடத்துக்கும் தூரம் வேறு என்பதால் யார் முதலில் வந்தார் என்று பார்ப்பதில்லை, தூரத்தை நேரத்தால் வகுத்த வேகத்தைத்தான் பார்க்கிறார்கள் என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய செய்தித்தாளை எடுத்தேன். ஐம்பத்திரண்டு ஜூலை. ஓடிலோன்: நிமிடத்துக்கு 1096.10 மீட்டர். நாம்: 1095.78. பதினாலு மணி பத்து நிமிடம் பறந்தது நம் பறவை. அந்த நேரத்தைச் சரியான தூரத்தில் வைத்துப் பார்த்தேன்.

1096.47.

நாம் ஜெயித்திருக்கிறோம், அண்ணா. உன் நாற்பது விநாடியையும் சேர்த்தே ஜெயித்திருக்கிறோம். வரைபட அறையில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஒரு பாதிரியார் திரும்பிப் பார்த்தார்.

உடனே எழுது. சாப்பிட்டுவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போடாதே.

கோடலீவ


பெர்பின்யான்,
6 மே 1961

அன்பு லீவ,

தாமதத்துக்கு வருந்துகிறேன். பாதாமிப் பழ அறுவடை முன்கூட்டியே தொடங்கிவிட்டது. நான் நலம். நீங்கள் இருவரும் நலம் என்று நம்புகிறேன்.

நீ கண்டுபிடித்தது சரியாகவே இருக்கலாம். நீ கணக்கில் தவறுகிறவள் இல்லை. ஆனால் அதை அப்படியே விட்டுவிடு. ஓடிலோன் நல்ல மனிதர், அந்த வெற்றியை வைத்து ஒன்பது வருடமாகக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்பாவுக்கு அறுபத்து மூன்று வயது. அவரிடம் இதைச் சொல்லாதே.

பெட்டை எப்படி இருக்கிறது? இறக்கையில் எத்தனை இறகு உதிர்ந்திருக்கிறது?

ஃபிர்மின்


கென்ட்,
14 மே 1961

அன்புள்ள அண்ணா,

நான்கு வாரத்துக்குப் பிறகு பன்னிரண்டு வரி. அதில் இரண்டு வரி புறாவைப் பற்றி. உடம்பு சரியில்லாமல் எழுதினாயா, மனசு சரியில்லாமல் எழுதினாயா?

உன் கடிதம் வருவதற்குள் நான் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. சங்கத்து மேசையிலிருந்து மறு அளவைக்கான படிவம் ஒன்றை எடுத்து வந்தேன். மாடத்துக்குச் சொந்தக்காரர் என்ற இடத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அவர் தீவனத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, இதுல ஒரு கையெழுத்து."

"எதுக்கு?"

"தூரம் தப்பா இருக்கு. ஐந்நூத்தித் தொண்ணூறு மீட்டர் கொறச்சல்."

"இருந்துட்டுப் போவுது."

"எப்படிப்பா இருந்துட்டுப் போவும்? நாம பறக்கவிட்ட ஒவ்வொரு புறாவும்..."

"புறாவுக்குத் தெரியும் அது எவ்வளவு பறந்துச்சுன்னு. ஒனக்கென்ன?"

படிவத்தை வாங்கினார், நான்காக மடித்தார், ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக் காலுக்கு அடியில் வைத்தார். நாற்காலி இப்போது ஆடுவதில்லை.

சிரித்துவிட்டுத்தான் அறைக்குப் போனேன். அங்கே போன பிறகு ஒன்று உறைத்தது. தூரம் தப்பு என்று நான் சொன்னபோது அவர் முகத்தில் வியப்பே இல்லை. எவ்வளவு என்று தெரிந்தபோதும் இல்லை. கல் பொறுக்கும் கை நிற்கவே இல்லை.

அவருக்கு முன்பே தெரியும், அண்ணா.

பெட்டை அருமையாக இருக்கிறது. ஒரே ஓர் இறகு உதிர்ந்திருக்கிறது. பாதாமி தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

கோடலீவ


பெர்பின்யான்,
27 மே 1961

அன்பு லீவ,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்தைப் படித்தபோது கையிலிருந்த பழப்பெட்டியைக் காலில் போட்டுக்கொண்டேன், அது மட்டும்தான். கட்டைவிரல் நீலமாக இருக்கிறது. முதலாளியம்மா, "காதல் கடுதாசியா? பெட்டிய வச்சிட்டுப் படிக்கறது" என்கிறார்.

அவருக்குத் தெரியும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. வீடு மாறினால் செயலாளருக்கு மனு எழுத வேண்டும். அப்போது ஓடிலோனும் அவரும் ஒரு ஜோடிப் புறாவுக்காகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார்கள். "அந்த ஆளுகிட்ட எழுதிக் கேக்கணுமா, அர கிலோமீட்டர்ல என்ன வந்துடப் போவுது" என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. தோற்ற பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பார். நான் அதற்குள் அவரிடம் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன், அவரும் என்னிடம். பிறகு எந்த வாயால் வந்து, தப்பு உன்னுடையது இல்லை என்று சொல்வார்?

அப்படியானால் இந்த ஒன்பது வருடமும் ஒவ்வொரு பந்தயத்திலும் அவர் தெரிந்தே ஐந்நூற்றுத் தொண்ணூறு மீட்டரை விட்டுக்கொடுத்திருக்கிறார். எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. வராதது எனக்கே பிடிக்கவில்லை.

திருவிழாவைப் பற்றிக் கேட்டாய். நேராகச் சொல்கிறேன். அவர் கூப்பிடாமல் நான் வரமாட்டேன். நீ கூப்பிடுவது கணக்கில் சேராது.

பெட்டைக்கு எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு, வாரம் ஒரு முறை. நீயும் குடி.

ஃபிர்மின்


கென்ட்,
18 ஜூன் 1961

அன்புள்ள அண்ணா,

கட்டைவிரல் எப்படி இருக்கிறது? இங்கே முட்டை பொரிய இன்னும் இரண்டு வாரம். பெட்டை என்னை எதிரியைப் போலப் பார்க்கிறது. எல்லாம் உன் கணக்குப்படி.

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஆறாவது. நான் நிறையப் படிக்கிறவள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நிறையப் படித்தால் ஒரு வசதி, சொந்த விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருக்கலாம்.

எதற்காக மூன்று நாள் பட்டினி கிடந்து தூரத்தை அளந்தேன் என்று நீ கேட்கவில்லை. என் முதல் அட்டை என்பதால் என்று எழுதினேன். அது பாதி. அந்தத் தோல்விக்கு வேறு ஏதாவது ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று எனக்கு வேண்டியிருந்தது. என்னைத் தவிர வேறு ஏதாவது.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது, அண்ணா. பந்தயப் புறா வரும் நேரத்தில் முற்றத்தில் யாரும் அசையக் கூடாது, பளிச்சென்ற நிறம் உடுத்தக் கூடாது. அது நம் வீட்டில் குழந்தை பிறக்கும்போதே தெரிந்து பிறக்கிற விஷயம். திருவிழாவுக்காக அத்தை தைத்துக் கொடுத்த மஞ்சள் கவுனை உன்னிடம் காட்ட வேண்டும் என்று அடுக்களைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தேன். அந்த நொடியில் புறா இறக்கையை மடித்து இறங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டு மிரண்டு மேலே போய்க் கூரையில் உட்கார்ந்தது. நீ திரும்பிப் பார்க்காமலே, மெதுவாக, "உள்ள போ, லீவ. நீ இங்க வரவே இல்ல" என்றாய். அப்பா வாசலில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வந்தபோது, "நான் அசைஞ்சுட்டேன்பா" என்றாய்.

எனக்குப் பதினொரு வயது. வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டு வயதிலும் திறக்கவில்லை. இருபதிலும். உனக்கு எழுதிய கடிதங்கள் எண்பதுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றிலும் வானிலை எழுதியிருக்கிறேன்.

அப்பாவிடம் சொல்லப் போகிறேன். உன் அனுமதி கேட்கவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கோடலீவ


பெர்பின்யான்,
27 ஜூன் 1961

அன்பு லீவ,

நகம் விழுந்துவிட்டது, புதிது முளைக்கிறது. உனக்குத் தூக்கம் வருகிறதா?

உனக்கு நினைவிருக்கிறது என்று எனக்கு எப்போதும் தெரியும். இல்லையென்றால் ஒரு பெண் ஒன்பது வருடம் வானிலையைப் பற்றி எழுத மாட்டாள்.

சொல்லாதே. உன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. இந்த ஒன்றுதான் நான் ஒழுங்காகச் செய்தது. அதை நீ ஒரு நிமிடத்தில் இறக்கிவைத்துவிட்டால் வெறும் கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஆனாலும் நீ சொல்வாய். உன்னை எனக்குத் தெரியும்.

கூடைகள் புதன்கிழமை ரயிலேறும் என்று நினைக்கிறேன். பெட்டைக்கு அன்று காலை தண்ணீர் மட்டும் நிறையக் கொடு.

ஃபிர்மின்


பெர்பின்யான்,
8 ஜூலை 1961, காலை ஐந்தே முக்கால்
(அஞ்சலட்டை)

லீவ, நலம். எழுத இடமில்லை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் திடலில் நின்று எழுதுகிறேன். ஐந்து பதினைந்துக்குக் கூடைகளைத் திறந்தார்கள். ஆயிரம் கம்பளத்தை ஒன்றாக உதறினதுபோல் சத்தம். ஒரு சுற்று, அரைச் சுற்று, அப்படியே வடக்கே. மெல்லிய தென்காற்று, கொஞ்சமும் மேகமில்லை. உன் பெட்டையை நேற்றே பார்த்துவிட்டேன். காவலாளிக்கு ஒரு கூடைப் பீச் கொடுத்தேன், உள்ளே விட்டார். கம்பி வழியாக விரலைக் கொத்தியது. நம் வீட்டுப் பறவைதான். இந்தப் பக்கம் நான் வருவதே இல்லை என்று உன்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. ஃபி.


கென்ட்,
9 ஜூலை 1961

அன்புள்ள அண்ணா,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமையில்லை, நலமாக இரு. நாங்கள் இருவரும் நலம். எங்கிருந்து ஆரம்பிப்பது? ஆறு மணியிலிருந்து.

காலை வானொலியில் பெர்பின்யான் திறந்தாயிற்று என்று சொன்னதிலிருந்து நான் சாப்பிடவில்லை. மாலை ஐந்தரைக்கே முற்றத்தில் இரண்டு நாற்காலி போட்டு, அப்பாவும் நானும் தெற்குப் பார்த்து உட்கார்ந்தோம். சாம்பல் நிற அங்கி போட்டிருந்தேன். கடிகாரம் என் மடியில். ஆறு மணி வரை அவர் பேசியது மூன்று சொல். "மேகம்." "காக்கா." "ம்."

சொன்னால் இப்போதே சொல்ல வேண்டும், பறவை வந்துவிட்டால் அப்புறம் சந்தோஷத்தில் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"அப்பா, அன்னிக்குப் புறா கூரைக்குப் போனதுக்கு அண்ணன் காரணமில்ல. நான் ஓடி வந்தேன்."

வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"மஞ்சள் கவுன். வாசல்லேர்ந்து திரும்பி வந்தப்பப் பாத்தேன்."

"அப்புறம் ஏன்பா அவனத் திட்டுனீங்க?"

"பதினோரு வயசுப் புள்ள. ஆத்தா செத்து ஒரு வருஷம்கூட ஆவல. ஒன்னத் திட்டச் சொல்றியா? அவன் பெரியவன், தாங்குவான்னு நெனச்சேன். திட்டிட்டு, ராத்திரி ஒரு பீர் வாங்கிக் குடுத்தாச் சரியாப் போயிடும்னு. அவன் என்னடான்னா..." வானத்தைப் பார்த்தபடியே தொடர்ந்தார்: "தூரத்தச் சரியாப் போட்டா நாமதான் ஜெயிச்சோம்னு அடுத்த நாள் தெரிஞ்சுது. அப்ப அவன் ரயில்ல இருந்தான்."

"எழுதியிருக்கலாமே."

"என்னன்னு எழுத?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கப் போனேன். அப்பா உதட்டை அசைக்காமல், "அசையாத" என்றார்.

தெற்கே, புகைபோக்கிக்கு மேலே, ஒரு புள்ளி. புள்ளிக்கு இறக்கை முளைத்தது. அண்ணா, அது சுற்றவே இல்லை. இறக்கையை மடித்துக் கல் விழுவதுபோல் விழுந்தது. என் கன்னத்தில் தண்ணீர் வழிந்து மோவாயில் நின்றது, நான் சிலையாக உட்கார்ந்திருந்தேன். பலகையில் கால் வைத்த அடுத்த நொடி உள்ளே போய்விட்டது, நேராகக் குஞ்சிடம். நான் எப்படி ஏணி ஏறினேன் என்று தெரியாது. வளையத்தைக் கழற்றினேன், கடிகாரத்தில் போட்டேன், அடித்தேன். ஆறு மணி இருபத்து நாலு நிமிடம் இருபது விநாடி. பதின்மூன்று மணி ஒன்பது நிமிடம். அதன் அலகை முத்தமிட்டேன். கூடை திறக்கும் பக்கமே போவதில்லை என்று நீ எழுதுவாய், ஆனால் நீ அங்கே நின்றிருப்பாய் என்று எனக்கு நிச்சயம்.

ஏணியடியில் அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "எத்தன விநாடி எடுத்த?" என்றார். "பதினொன்னு" என்றேன். "நான் இத்தன வருஷத்துல பன்னெண்டுக்குக் கீழ போனதில்ல" என்றார்.

எட்டரைக்கு மதுக்கடை மாடியில் கடிகாரங்களைத் திறந்தார்கள். ஓடிலோன் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தார். என் பெயருக்கு நேரே தூரத்தை எழுதினபோது அப்பா எழுந்து நின்றார்.

"அந்தத் தூரம் தப்பு, ஓடிலோன்."

"எந்தத் தூரம்?"

"எங்க வீட்டுத் தூரம். இன்னும் ஐந்நூத்தித் தொண்ணூறு மீட்டர் இருக்கு. ஐம்பத்திரண்டுலேர்ந்து தப்பு. வீடு மாறினப்ப நான் எழுதிக் குடுக்கல. ஒன்கிட்டக் கேக்க மனசில்ல."

சுண்ணக்கட்டி ஓடிலோன் கையில் அப்படியே நின்றது. அவரும் கணக்குத் தெரிந்தவர்தானே. "அப்ப, அந்த வருஷம்..." என்றார்.

"அந்த வருஷம் நீதான் ஜெயிச்ச. அட்டைல என்ன இருக்கோ அதான் கணக்கு, நான் கேக்க வரல. என் பையன் தோக்கலங்கறத இந்த ரூம்ல எல்லாரும் கேக்கணும். அவ்வளவுதான்." உட்கார்ந்துவிட்டார். வால்டர்தான் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முதலில் வாயைத் திறந்தார்: "அச்சீல், இத சொல்ல ஒனக்கு ஒம்பது வருஷமா? ஒன் புறா தேவல."

சிரிப்பில் மேசை குலுங்கியது. ஓடிலோன் வந்து அப்பாவுக்குப் பீர் ஊற்றினார்.

நான் மூன்றாவது. நிமிடத்துக்கு 1180.00 மீட்டர். சரியான தூரத்தைப் போட்டாலும் மூன்றாவதுதான். நானே போட்டுப் பார்த்துவிட்டேன். நாற்பத்தாறு மாடங்களில் மூன்றாவது, அண்ணா. இன்னும் தரையில் கால் பாவவில்லை.

இன்று காலை நாற்காலி மறுபடி ஆடியது. குனிந்து பார்த்தேன், படிவம் இல்லை. மேசைமேல் கையெழுத்தோடு இருந்தது. நான் இந்தக் கடிதத்தை எழுதுவதைப் பார்த்துவிட்டு, "அவனுக்கா?" என்று கேட்டார். பேனாவை வாங்கினார். கீழே இருப்பது அவர் எழுத்து. ஒரு மணி நேரம் ஆயிற்று.

கோடலீவ

*ஃபிர்மின், மாடத்துக் கூரை ஒழுகுகிறது. என் முழங்காலை வைத்துக்கொண்டு ஏற முடியவில்லை. வந்து சரி செய்து கொடு. அப்பா.*

(கூரை ஒழுகவில்லை. கோ.)


பெர்பின்யான்,
15 ஜூலை 1961

அன்பு லீவ,

நலமாக இருக்கிறேன். எவ்வளவு நலம் என்றால், முதலாளியம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மூன்றாவது இடம் பிடித்தவளுக்கு என் வணக்கம். பதினொரு விநாடியை நான் நம்பவில்லை. நேரில் செய்து காட்டு.

அப்பா எழுதிய மூன்று வரியைக் கிடங்கில் எல்லோரிடமும் காட்டினேன். ஒருவருக்கும் நம் மொழி தெரியாது. "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்கள். "கூரை ஒழுகுதாம்" என்றேன். "அதுக்கா இப்படிப் பல்லக் காட்டற?" என்றார்கள்.

ஆணியும் தார்த்துணியும் வாங்கிவிட்டேன். அவர் ஒழுகுகிறது என்றால் ஒழுகுகிறது. நான் ஏறி ஒட்டிவிட்டுத்தான் இறங்குவேன்.

வெள்ளிக்கிழமை கிளம்பினால் பாரிஸில் ரயில் மாறி, சனிக்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு கென்ட். இருபது மணி நேரத்துக்கு மேல். உன் பெட்டையைவிட ஏழு மணி நேரம் பின்தங்கியவன், எந்தச் சங்கமும் என்னைச் சேர்த்துக்கொள்ளாது.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். நீ பேசிப் பேசியே ஜெயிக்கிறவள், நான் அப்படி இல்லை. தெருமுனை வரை நன்றாகத்தான் வருவேன். வாசலில் வந்து நின்றுவிடுவேன் என்று நினைக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் வழக்கப்படி நாற்காலி போட்டு மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், சத்தியமாக என்னால் உள்ளே நுழைய முடியாது. அந்த வழக்கம் பறவைக்கு. எனக்கு வேண்டாம்.

நீ கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வா.

ஃபிர்மின்